தூரத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து இணையத்தில் ஒரு கலைப்படைப்பு: ஐந்து வடிவங்களில் எது உங்களுக்கு?

பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள், இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து இணையத்தில் ஒரு கலைப்படைப்பு செய்ய முடியுமா என்று. ஊத்தங்கரையில் வாசகர் வட்டம் நடத்தும் ஒருவருக்கு, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்களை இழுத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. ஓசூரில் வேலை பார்க்கும் இளைஞர் கூட்டம் ஒன்று, ஒரே திரையில் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து வரைவது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது.

மூவருக்கும் ஆர்வம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். எந்த வடிவத்தை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். பலர் சேர்ந்து செய்யும் இணையக் கலையில் பல வகை உண்டு. பணி கொடுத்துப் படைப்பு வாங்கலாம். ஒரே திரையில் எல்லோரும் வரையலாம். ஆளுக்கொரு துண்டு செய்து ஒட்டலாம். தபாலில் வாங்கி இணையத்தில் வைக்கலாம். இரண்டு ஊர்களுக்கு நடுவே நேரலைச் சன்னல் திறக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களை உள்ளே விடுகிறது, வேறு வேறு ஆட்களை வெளியே நிறுத்துகிறது.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது, போன் யார் கையில், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்பவருக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் ஒரே போன் மாமாவுடையதாக இருக்கலாம். சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலைப்பக்க ஊர்களில் சிக்னலுக்காக மேட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். 'எல்லோரிடமும்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறதே' என்று ஆரம்பிக்கிற திட்டம், யாருக்காக ஆரம்பித்தோமோ அவர்களையே வெளியே விட்டுவிடும்.

இரண்டாவது, எழுத்து. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைவாக இருந்த மாவட்டம் தர்மபுரி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வாழ்கிற குடும்பங்கள் நிறைய. தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னால் பாட்டிமார்கள் முதல் நாளே ஒதுங்கிவிடுவார்கள். குரல், படம், சத்தம் என்றால் அவர்களும் வருவார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்: அனுப்பியவருக்கு ஒரு பதில் வருமா? 2006இல் ஆரன் கோப்லின் என்ற கலைஞர், சின்னச் சின்ன இணைய வேலைகளைக் கூலிக்குக் கொடுக்கும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளம் வழியாக, முகம் தெரியாத இணையத் தொழிலாளிகளிடம் இடதுபக்கம் பார்க்கும் ஒரு செம்மறியாடு வரையச் சொன்னார். ஓர் ஆட்டுக்குக் கூலி 2 சென்ட். இப்படி 10,000 ஆடுகள் சேர்ந்தன. இணையக் கூலி வேலையைப் பற்றிக் கூர்மையான கேள்வி கேட்கும் படைப்பு அது, நல்ல படைப்புதான். ஆனால் ஓர் ஆட்டை வரைந்தவர் இன்னோர் ஆட்டை வரைந்தவரிடம் ஒரு வார்த்தை பேச அங்கே வழி இல்லை. நிறைய பேர் கலந்துகொண்டார்கள் என்பதும், மனிதர்கள் ஒருவரை ஒருவர் தொட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. தூரத்தைக் குறைக்க ஆசைப்படுகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்க்கவே கூடாது என்பேன்.

நான்காவது, காவல். வருகிற ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். அந்த ஒருவர் யார், எத்தனை நாள் பார்ப்பார்? பெண் பிள்ளைகளின் முகமும் போன் நம்பரும் வெளியே போகாமல் இருக்க என்ன ஏற்பாடு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஒப்புதலை வாங்கத்தான் வேண்டும்.

கடைசியாக, முடிந்த பிறகு என்ன மிஞ்சும் என்பது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

## பணி கொடுத்துப் படைப்பு வாங்குவது

அமெரிக்கக் கலைஞர்கள் மிராண்டா ஜூலையும் ஹாரல் ஃபிளெட்சரும் 2002இல் ஓர் இணையத் திட்டம் தொடங்கினார்கள். எளிமையான பணி ஒன்றை அறிவிப்பார்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து அனுப்பலாம், வந்தது இணையத்தில் ஏறும். உங்கள் கட்டிலுக்கு அடியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். கைகோத்து நிற்கும் அந்நியர்களைப் படம் எடுங்கள். நீங்கள் பேச ஆசைப்பட்டு, பேசக் கிடைக்காத ஒரு தொலைபேசி உரையாடலை எழுதுங்கள். இப்படி 70 பணிகள். 8,000 பேருக்கு மேல் செய்து அனுப்பினார்கள். 2009இல் கடைசிப் பணியாக 'விடைபெறுங்கள்' என்று கொடுத்து நிறுத்திவிட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கிப் பாதுகாக்கிறது.

இந்த வடிவத்தின் பலம் பணியின் குறுகலில் இருக்கிறது. 'ஏதாவது படைத்து அனுப்புங்கள்' என்றால் பத்துப் பேரில் ஒருவர் அனுப்புவார், அவரும் ஏற்கெனவே கவிதை எழுதுகிறவராக இருப்பார். 'வீட்டில் களி கிண்டும்போது இருபது வினாடி சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் இப்படிக் கேட்டபோது, வாழ்க்கையில் எதையும் 'படைத்ததாக' நினைக்காத ஓர் அம்மா அனுப்பிய குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. துடுப்பு பானையின் பக்கவாட்டில் மோதும் சத்தம், கேழ்வரகு மாவு இறுக இறுக அந்தச் சத்தம் அடர்ந்துகொண்டே போகிறது, நடுவில் அவருடைய மூச்சு, தூரத்தில் ஒரு கோழி. அதைக் கேட்டுவிட்டு, பெங்களூர் எலகங்காவில் கட்டட வேலையில் இருந்த வேறு ஒருவர், அவருக்கும் இந்த அம்மாவுக்கும் முன்பின் பழக்கம் இல்லை, கலவை மெஷின் சுற்றும் சத்தத்தை அதே இருபது வினாடிக்குப் பதிவு செய்து அனுப்பினார். கீழே ஒரு வரி: 'இங்க நாங்க கிண்டறது இது.' நான் பதில் என்று சொல்வது இதைத்தான்.

பணியை நம் ஊருக்கு ஏற்ப நாமேதான் எழுத வேண்டும். அமெரிக்கத் திட்டத்தில் பெற்றோர் முத்தமிட்டுக்கொள்வதைப் படம் எடுங்கள் என்று ஒரு பணி உண்டு. அங்கே அது மனதைத் தொட்ட பணி. இங்கே அதைக் கொடுத்தால் பிள்ளைகள் கூச்சத்தில் ஒதுங்குவார்கள், அப்பா ஒரு ஊரிலும் அம்மா ஒரு ஊரிலும் இருக்கும் பிள்ளைக்கு வலிக்கும். நம் பக்கத்தில் பணிக்குப் பஞ்சமே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்க வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். 'உங்கள் ஊர் நடுகல் வீரன் கையில் என்ன வைத்திருக்கிறான், பார்த்து வரைந்து அனுப்புங்கள்' என்பது நல்ல பணி. பிள்ளை கல்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? பணம் பெரிதாக ஆகாது, ஆள்நேரம்தான் ஆகும். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் கலந்துகொள்ளும் திட்டத்துக்கு இது சரிப்படாது. பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் பணி எல்லோருக்கும் போகும், பதில் உங்களுக்கு மட்டும் தனியாக வரும். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கே அது போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். கூகுள் படிவத்தில் கோப்பு ஏற்றச் சொன்னால் அனுப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும், பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் வாங்கி, கையால் பிரித்து, பெயர் மாற்றி, அடுக்கி வைக்கிற ஓர் ஆள் தேவை. தினமும் ஒரு மணி நேரமாவது அவருக்கு வேலை இருக்கும்.

இன்னொன்று. இந்த வடிவத்தில் பதில் தானாக வராது. எல்லாம் நடத்துபவரிடம் வந்து குவிந்து அப்படியே நின்றுவிட வாய்ப்பு அதிகம். 'அடுத்தவர் அனுப்பியதில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள்' என்பதையும் ஒரு பணியாகவே கொடுக்க வேண்டும்.

எழுத்து வராதவர்கள், நேரம் குறைந்தவர்கள், பல மொழிக்காரர்கள் கலந்த கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரியும் உண்டு: பெங்களூரில் ஜஸ்மீன் பதேஜா 2003இல் தொடங்கிய பிளாங்க் நாய்ஸ், தெருவில் சீண்டலுக்கு ஆளானபோது அணிந்திருந்த உடையைப் பெண்களிடம் கேட்டு வாங்கிச் சேர்க்கிறது. ஒரே ஓர் உடை, அதில் ஒரு வாழ்க்கையின் சாட்சி.

## ஒரே திரை, பல கைகள்

ஓசூர் நண்பர்கள் மனதில் இருப்பது, ரெடிட் என்ற இணைய உரையாடல் தளம் நடத்திய 'பிளேஸ்'. 2017 ஏப்ரல் 1 அன்று தொடங்கி 72 மணி நேரம் நடந்தது. அகலம் 1,000, உயரம் 1,000 கட்டங்கள் கொண்ட வெள்ளைத் திரை, 16 வண்ணங்கள். ஒருவர் ஒரு கட்டத்துக்கு வண்ணம் வைத்தால், அடுத்த கட்டம் வைக்க 5 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். 2022இலும் 2023இலும் மறுபடி நடத்தினார்கள்.

அந்தக் காத்திருப்புதான் சூட்சுமம். தனியாக ஒருவர் எதையுமே வரைய முடியாது, ஒரு பூ வரையக்கூட இருபது பேர் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வரையும் கூட்டத்தோடு எல்லைத் தகராறு வரும், பேச்சுவார்த்தை வரும், இரண்டு கொடிகளுக்கு நடுவில் ஒரு இதயம் வரும். முன்பின் தெரியாதவர்களைப் பேச வைப்பதில் இந்த வடிவத்தை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் ஒரு வகையில் இது ஈரமில்லாத வடிவமும்கூட. திரை முன்னால் எந்நேரமும் உட்கார முடிந்தவன் ஜெயிப்பான். ராத்திரி அரைமணி நேரம் மட்டும் போன் பார்க்கிற கொத்தனார் நேற்று வைத்த மூன்று கட்டமும் காலையில் அழிந்திருக்கும். அழித்தவர் உண்மையில் யார் என்றும் தெரியாது. ஆபாசமோ சாதிச் சின்னமோ வந்தால் உடனே நீக்க மூன்று நாளும் இரவு பகலாக முறை வைத்துக் காவல் வேண்டும். நம் மாவட்டங்களில் இது எவ்வளவு சீக்கிரம் சாதிக் கொடிகளின் சண்டையாக மாறக்கூடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கருவிகளின் ஆயுளும் குறைவு. பலர் சேர்ந்து வரையும் பலகையாகப் பள்ளிகள் பயன்படுத்திய கூகுள் ஜாம்போர்டு 2024 இறுதியில் மூடப்பட்டது. செலவில்லாமல் முயல வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸில் கட்டங்களைச் சதுரமாக்கி வண்ணம் நிரப்பலாம். போனிலும் முடியும், பழைய நிலைக்குத் திரும்பும் வசதியும் இருக்கிறது. ஒரே நேரத்தில் 100 பேர் வரைதான் திருத்த முடியும்.

கணினியும் நேரமும் உள்ளவர்கள், ஒரே வயதுக்காரர்கள், ஏற்கெனவே ஏதோ ஒரு குழுவாக இருப்பவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். பென்னாகரம் ஆசிரியைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஆளுக்கொரு துண்டு, சேர்த்தால் ஒரே படைப்பு

2010இல் இரண்டு பெரிய முயற்சிகள் வந்தன. பாடகர் ஜானி கேஷின் நினைவாக கிறிஸ் மில்க்கும், மேலே சொன்ன அதே கோப்லினும், ஒரு பாடலின் காணொளியைப் படம் படமாகப் பிரித்துப் பொதுமக்களிடம் வரையக் கொடுத்தார்கள். இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், 12 நாடுகளில் இருந்த 185 பேரை அவரவர் அறையில் தனியாகப் பாடிப் பதிவு செய்யச் சொல்லி, ஒரே சேர்ந்திசையாக ஒட்டினார்.

முடிவில் கையில் நிற்பது கண்ணுக்கும் காதுக்கும் நிறைவான ஒரே படைப்பு. ஊர் விழாவில் போட்டுக் காட்டலாம், பத்திரிகைக்குக் கொடுக்கலாம். இதுதான் இந்த வடிவத்தின் கவர்ச்சி. குறையும் அதிலேயே இருக்கிறது: பாடுகிற 185 பேரும் பின்பற்றியது இசை நடத்துநரின் காணொளியை, ஒருவர் மற்றவரின் குரலை அல்ல. எல்லாம் முடிந்த பிறகே பக்கத்தில் யார் நின்றார்கள் என்று தெரியும். ஜானி கேஷ் திட்டத்தில் இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தார்கள். காணொளியை நிறுத்தி எந்தப் படத்தைத் தொட்டாலும் அதை வரைந்தவர் யார் என்று காட்டும். நீங்கள் செய்தாலும் இந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

ஒட்டுவது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு சத்த அளவு, பின்னால் லாரி ஹாரன், சுருதி வேறு. எடிட்டிங் தெரிந்தவர் வாரக்கணக்கில் உட்கார வேண்டும், வெளியே கொடுத்தால் பணம் ஆகும். சினிமாப் பாட்டை எடுத்தால் யூட்யூபில் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். அதனால் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி என்று ஊரில் வாய்வழி வருவதையே எடுங்கள்.

ஒரு தேதி, ஒரு மேடை, ஒரு விழா என்று முன்னால் தெளிவாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். பழக்கம் வளர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் வேண்டாம்.

## தபாலும் இணையமும்

இணையத்துக்கு முன்பே கலைஞர்கள் தபாலில் படைப்புகளை அனுப்பி, மேலும் சேர்த்து இன்னொருவருக்குத் தள்ளிவிடச் சொன்னார்கள். அந்தத் தபால் கலை இணையத்தோடு சேர்ந்தபோது புது உயிர் வந்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் வாரன், யாரிடமும் சொல்லாத ரகசியத்தை ஒரு அட்டையில் படமாக்கிப் பெயர் போடாமல் அனுப்பச் சொன்னார். 2005 முதல் அவை இணையத்தில் வந்துகொண்டிருக்கின்றன. அதே ஆண்டு போர்ச்சுகலில் தொடங்கிய போஸ்ட்கிராசிங்கில், முகம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் அட்டை அனுப்பினால் முகம் தெரியாத இன்னொருவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று வரும். பதிலை அமைப்பின் உள்ளேயே கட்டிவைத்த அருமையான யோசனை.

நம் அஞ்சலட்டை 50 காசு. போன் வேண்டாம், சிக்னல் வேண்டாம், கையால் தொட்டது கைக்கு வரும். சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் 'போர்கை' அமைப்பு வழியாக மீட்டெடுத்த எம்பிராய்டரி மாதிரி தொட்டால்தான் தெரியும் வேலைப்பாட்டைப் படம் பிடித்து அனுப்பிப் பயனில்லை. ஒரு துண்டுத் துணியை உறையில் போட்டு அனுப்புவதுதான் முறை.

பெரிய தடை முகவரி. பெங்களூரில் லேபர் ஷெட்டில் இருப்பவருக்கு நிலையான முகவரி கிடையாது, ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த இடம். யாரை அடையத்தான் இந்த ஏற்பாடோ அவருக்கே தபால் போய்ச் சேராது. அஞ்சலட்டையில் எழுதியதை வழியில் யாரும் படிக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. பள்ளிக்கும் பள்ளிக்கும், நூலகத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே என்றால் தபாலைவிட இனிமையானது இல்லை.

## நேரலைச் சன்னல்

1980 நவம்பரில் கிட் கேலவே, ஷெர்ரி ரபினோவிட்ஸ் என்ற இருவர் நியூயார்க்கின் ஒரு தெருவையும் லாஸ் ஏஞ்சலிசின் ஒரு தெருவையும் செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். முன்னறிவிப்பு இல்லை, விளக்கப் பலகை இல்லை. நடந்து போனவர்கள் திடீரென்று ஆளுயரத்தில் மறுபக்கத்து மனிதர்களைப் பார்த்தார்கள், பேசினார்கள். மூன்று நாள் மட்டுமே நடந்தது. முதல் நாள் ஆச்சரியம், இரண்டாம் நாள் செய்தி பரவியது, மூன்றாம் நாள் பல ஆண்டுகளாகப் பார்க்காத உறவினர்கள் நேரம் குறித்துக்கொண்டு இரண்டு முனையிலும் வந்து நின்றார்கள். இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்த அந்த மூன்றாம் நாள், இந்தக் கலை முழுவதற்கும் அடிப்படை என்று நினைக்கிறேன்.

இதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிட்டோம். 2024 மே மாதம் டப்ளினுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே வட்டத் திரைச் சன்னல் வைத்தார்கள். சிலருடைய அநாகரிக நடத்தையால் சில நாட்களிலேயே தற்காலிகமாக மூட வேண்டி வந்தது, பிறகு நேரத்தைக் குறைத்துத் திறந்தார்கள்.

நமக்கு இதில் ஒரு வசதி: இரண்டே இரண்டு முனைதான். கூகுள் மீட்டில் இருவருக்கு மேல் சேர்ந்தால் இலவச அழைப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இருவர் அழைப்பு 24 மணி நேரம் வரை போகும். நூலகத்தில் ஒரு புரொஜெக்டர், அந்தப் பக்கம் ஓர் அறையில் ஒரு டிவி, அவ்வளவுதான். நேரம் ஒத்துவர வேண்டும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். மின்தடைக்கும் டேட்டாவுக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். பதிவு செய்யாவிட்டால் பிறகு ஒன்றும் மிஞ்சாது. பதிவு செய்வதாக இருந்தால் வந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

## மிஞ்சுவது பற்றி

டக்ளஸ் டேவிஸ் என்ற கலைஞர் 1994இல் இணையத்தில் தொடங்கிய ஒரு படைப்பில் யார் வேண்டுமானாலும் வந்து ஒரே வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகலாம், முற்றுப்புள்ளி மட்டும் வைக்கக் கூடாது. நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் படைப்பே காலப்போக்கில் இயங்காமல் போய், 2013இல்தான் சீரமைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடோபி ஃபிளாஷ் என்ற அசைவுப்பட மென்பொருள் 2020 டிசம்பரோடு முடிந்தபோது அதில் செய்த எத்தனையோ படைப்புகள் திறக்காமல் போயின. அருங்காட்சியகத்துக்கே இந்தப் பாடு என்றால் நம் கூகுள் டிரைவ் எம்மாத்திரம். இலவச இடம் 15 ஜிபி, இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். எந்த வடிவத்தை எடுத்தாலும் ஒரு பென்டிரைவில் ஒரு பிரதி, ஒப்புதல் தந்தவற்றின் ஒரு பிரதி இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையச் சேமிப்புத் தளத்தில், முக்கியமானவை அச்சில் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

| வடிவம் | யாருக்குப் பொருந்தும் | ஒளிந்திருக்கும் செலவு | பதில் வருமா |
|---|---|---|---|
| பணி | நேரமும் எழுத்தும் குறைந்தவர்கள், எல்லா வயதினர் | தொகுப்பவரின் தினசரி நேரம் | தனிப் பணியாகக் கொடுத்தால் வரும் |
| ஒரே திரை | கணினி உள்ள இளைஞர்கள் | இரவு பகல் காவல் | உடனுக்குடன், ஆனால் பெயர் தெரியாமல் |
| துண்டுகளை ஒட்டுவது | விழா, மேடை உள்ளவர்கள் | எடிட்டிங், பதிப்புரிமை | தாமதமாக, குறைவாக |
| தபால் | முகவரி உள்ளவர்கள், முதியவர்கள் | முகவரி திரட்டுவது, காத்திருப்பு | ஒருவரிடமிருந்து ஒருவருக்கு |
| நேரலை | இரண்டு முனையிலும் கூடும் இடம் உள்ளவர்கள் | நேரம் பொருத்துவது, மின்சாரம் | அந்த நிமிடமே, முகத்துக்கு முகம் |

## கேட்ட மூவருக்கும்

பென்னாகரம் ஆசிரியைக்கு: பணி வடிவம், அதுவும் சத்தத்தில். ஒரு மாதம், வாரம் ஒரு பணி போதும். பணியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுப்புங்கள், வேலைக்குப் போனவர்களுக்கு அன்றுதான் கொஞ்சம் ஓய்வு. முதல் வாரம் பிள்ளைகள் அனுப்பட்டும், இரண்டாம் வாரம் பெற்றோர் அதற்குப் பதில் அனுப்பட்டும். மூன்றாம் வாரம்தான் முக்கியம்: ஒவ்வொரு பிள்ளையும் வேறு ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ அனுப்பியதற்குப் பதில் செய்ய வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேருமே போனில் கிடைக்காத பிள்ளை வகுப்பில் நிச்சயம் இருக்கும், அந்தப் பிள்ளை ஒதுங்கி நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு உதவும். தலைமையாசிரியர் அனுமதியோடு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முகம் வேண்டாம், முழுப்பெயர் வேண்டாம். வெளியில் எங்கும் ஏற்றாமல் வகுப்பறையிலேயே போட்டுக் கேட்டாலும் இது முழுமையான படைப்புதான்.

ஊத்தங்கரை வாசகர் வட்டத்துக்கு: பணியில் தொடங்கி நேரலையில் முடியுங்கள். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் வளைகுடாவுக்குப் போகிறது. அங்கே இருப்பவர்கள் கடையில் பார்க்கும் மாம்பழச் சாறு டப்பாவைப் படம் எடுத்து அனுப்பட்டும், ஊரில் இருப்பவர்கள் தோப்பிலோ மண்டியிலோ பெங்களூரா ரக மாங்காய் குவிந்து கிடப்பதை எடுத்து அனுப்பட்டும். இரண்டையும் ஜோடி ஜோடியாக வையுங்கள். ஜோடியான இருவரும் கடைசி வெள்ளிக்கிழமை நூலகத் திரையில் சந்திக்கட்டும், வளைகுடாவின் பெரும்பாலான நாடுகளில் அன்று விடுமுறை. போன் பழகாத பெரியவர்களுக்கு மட்டும் அஞ்சலட்டை. அதைப் படம் பிடித்துச் சேர்த்துவிடலாம்.

ஓசூர் நண்பர்களுக்கு: ஒரே திரைதான் உங்களுக்கு, ஆனால் சின்னதாக. நூறுக்கு நூறு கட்டம், மூன்று நாள். பெயர் கொடுத்தவர்கள் மட்டும் உள்ளே. கொடி, கட்சி, சாதி அடையாளம் எதுவும் கூடாது என்று முதல் வரியிலேயே மூன்று மொழியிலும் எழுதிவிடுங்கள். இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை திரையைப் பூட்டுங்கள். ஷிப்டில் இருப்பவர்களுக்கும் தூங்குபவர்களுக்கும் அதுவே நியாயம், உங்கள் காவல் வேலையும் குறையும். மணிக்கொரு முறை திரையைப் படம் பிடித்து வைத்தால் கடைசியில் ஓட்டிப் பார்க்கலாம். எந்தக் கட்டம் எப்போது அழிந்தது, எங்கே விட்டுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். கட்டங்களுக்கு அடியில் பேசிக்கொள்ள ஒரு தனிக் குழுவையும் முதல் நாளே திறந்துவிடுங்கள்.